போலீஸ் ஸ்பீடு கன்னிலிருந்து தப்பவைக்கும் கார் ஆக்சஸரீஸ்: காசு கொடுக்கும் முன் படிக்க வேண்டியது

போலீஸ் ரேடார் அலையை முன்கூட்டியே உணர்ந்து எச்சரிக்கும் என்று சொல்லி விற்கும் ‘ரேடார் டிடெக்டர்’ கருவியை ஆன்லைனில் தேடினால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி வரும். சிவப்பு எழுத்துத் திரை, ‘16 பேண்டு, 360 டிகிரி’ என்ற விளம்பர வாசகம், இரண்டு மூன்றாயிரம் ரூபாய் விலை. அதோடு சேர்த்து நம்பர் பிளேட்டில் அடிக்கும் ஸ்ப்ரே, பிளேட்டின் மேல் மாட்டும் பளபளப்பு கவர், ஹெட்லைட்டில் பூசும் திரவம் என்று வரிசை நீளும். வேகத்தை அளக்கும் போலீஸிடமிருந்து தப்பவைப்போம் என்பதுதான் எல்லாவற்றின் வாக்குறுதியும்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தியச் சாலையில் இவற்றில் எதையும் நம்பிச் சலானிலிருந்து தப்ப முடியாது. சில வெறும் பணவிரயம். சில, ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு போகவேண்டிய விஷயத்தைப் போலீஸ் ஸ்டேஷன் வரை இழுத்துவிடும். அதே ஆக்சஸரீஸ் கடையில் கிடைக்கும் வேறு ஓரிரு பொருள்கள் சலான் வராமல் இருக்க நிஜமாகவே உதவும். அவற்றைப் பின்னால் பார்க்கலாம்.

எதற்காக இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்று புரிய, போலீஸ் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘ரேடார்’ என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், நம் ஊரில் வேகத்தை அளக்கும் போலீஸ் ரோந்து வண்டியான இன்டர்செப்டரிலும் முக்காலி மேலும் இருப்பது பெரும்பாலும் லேசர் கன். இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு வேறு.

ரேடார் கன் ரேடியோ அலையை அனுப்பும். ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அலையின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றம்தான் வேகம். 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ‘கே பேண்டு’ கன்னில், வண்டியின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கிட்டத்தட்ட 4,470 ஹெர்ட்ஸ். இந்த அலை டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும். 12 டிகிரி விரியும் கன் என்றால் 300 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் 60 மீட்டரைத் தாண்டும். உங்களுக்கு முன்னால் போகும் லாரி, பக்கத்து பஸ், ஓரத்துத் தகரப் பலகை என எல்லாவற்றிலும் பட்டுச் சிதறும். டிடெக்டர் என்ற பொருளே இந்தச் சிதறலை நம்பித்தான் பிறந்தது. முன்னால் போகும் வண்டியைப் போலீஸ் அளக்கும்போது சிதறி வரும் அலையை, ஒரு கிலோமீட்டர் பின்னால் வரும் உங்கள் டிடெக்டர் பிடித்துவிடும்.

லேசரில் அந்தச் சிதறலுக்கு இடமே இல்லை. 905 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை அது விநாடிக்கு நூற்றுக்கணக்கில் அனுப்பும். ஒவ்வொன்றும் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து, தூரம் எப்படிக் குறைந்துகொண்டே வருகிறது என்று கணக்கிட்டு வேகத்தைச் சொல்லும். கதிர் 300 மீட்டரில் விரியும் அகலம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்தான். மூன்று லேன் நிறைய வண்டிகள் வந்தாலும் உங்கள் வண்டியை மட்டும் தனியாகக் குறிவைக்க முடியும். வேகம் திரையில் வர அரை விநாடிகூட ஆகாது.

காவலர் குறிவைப்பது முன் நம்பர் பிளேட்டை. காரணம், அதன் மேல்தாள் வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வகை. ராத்திரி ஹெட்லைட் பட்டால் பளிச்சென்று தெரிவதும் அதனால்தான். பிளேட் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் டேஷ்போர்டில் வைக்கும் டிடெக்டர் ஒரு மீட்டருக்கும் மேலே. பிளேட்டின் நடுவில் விழும் 90 சென்டிமீட்டர் வட்டத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து 95 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். அதாவது கதிர் உங்கள் கருவியின் கண்ணில் விழாமலேயே வேலையை முடித்துவிட்டுப் போகலாம். ஓரமாகச் சிதறிய ஒளி பட்டுக் கருவி கத்தினாலும், அதற்கு அர்த்தம் ‘போலீஸ் முன்னால் இருக்கிறது’ என்பதல்ல, ‘உங்களை அளந்து முடித்துவிட்டார்கள்’ என்பது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடியில் வண்டி 14 மீட்டர் போயிருக்கும். சத்தம் காதில் விழுந்து கால் பிரேக்குக்கு வர ஒன்று, ஒன்றரை விநாடியாவது வேண்டும்.

இந்த ஒரு காரணமே போதும், மலிவு விலை டிடெக்டரைப் பட்டியலிலிருந்து நீக்க. ஆனாலும் அதிகம் விற்பது அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் வருபவை: கருவி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சுருள் வயர், டேஷ்போர்டில் ஒட்டும் வெல்க்ரோ அல்லது வழுக்காத ரப்பர் விரிப்பு. ஒரு பக்கம் ‘சிட்டி – ஹைவே’ சுவிட்ச் இருக்கும். சிட்டியில் வைத்தால் உணர்திறன் குறையும், ஹைவேயில் கூடும். வேறு மாயம் அதில் இல்லை. பல மாடல்களில் குரல் அறிவிப்பை ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் மாற்றும் வசதி உண்டு. வாங்குபவர் கவனிக்க வேண்டிய தடயம் அது. இந்தப் பெட்டி நம் சாலையை நினைத்துச் செய்யப்பட்டதே அல்ல. ரேடார் கேமராக்கள் அதிகம் உள்ள இன்னொரு நாட்டுச் சந்தைக்குச் செய்ததை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள்.

‘16 பேண்டு’ கணக்கையும் பிரித்துப் பார்த்துவிடலாம். வேகம் அளக்கப் போலீஸ் ரேடார்கள் பயன்படுத்தும் முக்கிய அலைவரிசைகள் மூன்றுதான்: 10.525 கிகாஹெர்ட்ஸில் எக்ஸ், 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டி கே, 33.4 முதல் 36 வரை கேஏ. ஐரோப்பாவில் அபூர்வமாக கேயூ. மீதி எண்ணிக்கை, ஒரே அலைவரிசையைத் தொடர் அலை, துடிப்பு அலை, அகன்ற பட்டை என்று தனித்தனியாக எண்ணி ஏற்றியது. பட்டியலில் ‘விஜி-2’ என்று ஒன்று இருக்கும். அது வேகம் அளக்கும் கருவியே அல்ல. டிடெக்டர் தடை செய்யப்பட்ட ஊர்களில், காருக்குள் டிடெக்டர் இருக்கிறதா என்று போலீஸ் கண்டுபிடிக்கும் கருவி. டிடெக்டருக்குள் இருக்கும் அலையாக்கியிலிருந்து கசியும் மெல்லிய சிக்னலை அது மோப்பம் பிடிக்கும்.

வாங்கி மாட்டினால் நடக்கப்போவது இது. கருவி நகரத்துக்குள் ஓயாமல் கத்தும். சூப்பர் மார்க்கெட் தானியங்கிக் கதவின் சென்சார் 24 கிகாஹெர்ட்ஸிலோ 10.5 கிகாஹெர்ட்ஸிலோ இயங்குவது. பக்கத்து லேன் காரின் ‘பிளைண்ட் ஸ்பாட்’ ரேடார் பல மாடல்களில் 24 கிகாஹெர்ட்ஸ். மலிவு டிடெக்டருக்கு இவற்றையும் போலீஸ் ரேடாரையும் பிரித்தறியும் மென்பொருள் கிடையாது. அதனால் பத்து நிமிடத்துக்கு நான்கு முறை ‘கே பேண்டு’ என்று அலறும். மூன்றாவது நாள் ஓட்டுநர் ஒலியைக் குறைத்துவிடுவார். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை சூடேறும். ஒட்டுப்பசை இளகிக் கருவி திருப்பத்தில் வழுக்கிக் காலடியில் விழும். பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டினால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் மதிப்பீடு: வாங்கவே கூடாது.

அப்படியானால் விலையுயர்ந்த வெளிநாட்டு டிடெக்டர்? வேலன்டைன் ஒன், எஸ்கார்ட், யூனிடன் ஆர்8 போன்றவை 500 டாலரிலிருந்து 800 டாலர் வரை ஆகும். இவை ஏமாற்றுப் பொருள்கள் அல்ல, நல்ல பொறியியல். முன்னும் பின்னும் இரண்டு ஆன்டெனா வைத்து சிக்னல் வரும் திசையை அம்புக்குறியில் காட்டும். ஜிபிஎஸ் இருப்பவை, தினமும் ஒரே இடத்தில் கத்தவைக்கும் தானியங்கிக் கதவை நினைவில் வைத்து ஊமையாக்கிவிடும். அமெரிக்காவில் இவற்றுக்கு அர்த்தம் உண்டு. வேகம் அளக்கும் ரேடாரை 1940களில் கனெக்டிகட் மாநிலத்தில் முதலில் சாலைக்குக் கொண்டுவந்த நாடு அது. இன்றும் அங்கே ரோந்து வண்டிகள் ஓடிக்கொண்டே கேஏ பேண்டு ரேடாரால் எதிரே வருபவர்களை அளக்கின்றன. அந்த அலையைத் தூரத்திலேயே பிடிப்பதில் இந்தக் கருவிகள் கெட்டி. அங்கேயும் லேசருக்கு முன்னால் இவை பலவீனமே என்பதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொள்வார்கள். இங்கே லேசரும் கேமராவும்தான் பிரதானம் என்னும்போது, அரை லட்சம் ரூபாய் கருவியின் சிறந்த திறமைக்கு நம் சாலையில் வேலையே இல்லை.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் தமிழர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் டிடெக்டரை வண்டியில் வைத்திருப்பதே குற்றம். போலீஸ் பறிமுதல் செய்யலாம். அமெரிக்காவுக்குக் காரில் போய் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வருபவர்கள் இதில் மாட்டுகிறார்கள். அமெரிக்காவிலேயே வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டிசியிலும் தடை. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இரண்டிலும் தடை. ஜெர்மனியில், ஓட்டும்போது கேமரா எச்சரிக்கை ஆப்பை ஓடவிட்டாலே 75 யூரோ அபராதமும், லைசென்ஸ் கணக்கில் ஒரு குற்றப் புள்ளியும். பிரிட்டனில் டிடெக்டருக்குத் தடை இல்லை. ஆனால் லேசர் கன்னின் அளவீட்டைக் குழப்பும் லேசர் ஜாமரைப் பயன்படுத்தி மாட்டியவர்கள் நீதிக்கு இடையூறு செய்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருக்கிறார்கள்.

கண்ணாடியில் தொங்கவிடும் சிடி, வீல் கேப்புக்குள் திணிக்கும் அலுமினியத் தாள், பம்பருக்குக் கீழே இழுபடும் சங்கிலி ஆகியவற்றுக்கு ஒரு பத்தி போதும். சிடியில் இருப்பது பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சும். அது அலையைத் திருப்பி அனுப்பும்தான். ஆனால் அதுவும் காரோடு சேர்ந்து அதே வேகத்தில் வருவதால், அதிலிருந்து திரும்பும் அலையும் அதே வேகத்தையே சொல்லும். அலுமினியத் தாளும் அப்படித்தான். ரேடாருக்கு எதிரொலியைக் கூட்டிக் கொடுக்குமே தவிரக் குறைக்காது. லேசரோ கண்ணாடிப் பக்கமே வருவதில்லை. சிடி ஆடி ஆடி, மாலை வெயிலில் ஓட்டுபவர் கண்ணில் வெளிச்சத்தை அடிக்கும். அதைக் கழற்றிவிடுவது நல்லது.

நம்பர் பிளேட் சமாச்சாரம் இதைவிடத் தீவிரமானது. ஸ்ப்ரே விற்பவர்கள் சொல்லும் கதை: கேமராவின் ஃபிளாஷ் பட்டதும் பூச்சு அதைத் திருப்பி அடிக்கும், படத்தில் எண் வெள்ளையாக வெளிறிவிடும். ஃபிலிம் கேமரா காலத்துக் கதை இது. ஸ்ப்ரேயில் இருப்பது பளபளப்பான தெளிவுப் பூச்சு. பளபளப்புப் பரப்பு ஒளியைக் கண்ணாடி மாதிரி எதிர்ப்பக்கம் திருப்பும். சாலைக்கு மேலே சாய்வாகப் பார்க்கும் கேமராவுக்குள் அது திரும்பி வருவதில்லை. பிளேட்டின் தாளோ முன்பே சொன்னபடி ஒளியை வந்த வழியே அனுப்புவது. பூச்சுக்குக் கீழேயும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இன்றைய நம்பர் பிளேட் கேமராக்கள் அகச்சிவப்பு விளக்கோடு, ஒரே வண்டியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படம் எடுக்கின்றன. ஒன்று வெளிறினால் இன்னொன்றில் எண் தெளிவாக இருக்கும்.

பளபளப்பு கவர், புகைநிற அக்ரிலிக் தகடு, எண்ணை மறைக்கும் டேப், சுழலும் பிளேட் ஃபிரேம் ஆகியவை அடுத்த படி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50-வது விதி பிளேட் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம்: இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரக் குரோமிய ஹாலோகிராம், கீழே லேசரில் பொறித்த வரிசை எண், கழற்றினால் உடைந்துபோகும் ஸ்னாப் லாக். இதன் மேல் எதை மாட்டினாலும் நிறுத்தும் காவலர் கண்ணில் முதலில் படுவது அதுதான். வெறும் கவர் என்றால் அபராதத்தோடு முடியும். எண்ணையே மாற்றிக் காட்டும் ஃபிரேமோ டேப்போ என்றால் மோசடி, ஆவணத் திரிப்பு என்று கிரிமினல் வழக்காக மாறும். ஓர் எழுத்தை மறைத்ததால் சலான் வேறொருவர் வண்டிக்குப் போய், அவர் புகார் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். இந்த வகைப் பொருளைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள்.

ஜாமர் இரண்டு வகை. ரேடியோ ஜாமர் போலீஸ் ரேடாரை நோக்கிப் பொய்ச் சிக்னல் அனுப்புவது. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் சிக்னல் ஜாமர் எதையும் வாங்குவதும் விற்பதும் பயன்படுத்துவதும் இந்தியாவில் சட்டவிரோதம். தொலைத்தொடர்புத் துறை 2022-லேயே இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆன்லைனில் மலிவாக விற்கப்படும் பல ‘ஜாமர்’களில் எதையும் அனுப்பும் சர்க்யூட்டே இருக்காது. லேசர் ஜாமர் வேறு விஷயம். பம்பரில் பதிக்கும் சென்சார்கள் கன்னின் துடிப்பை உணர்ந்து, அதே தாளத்தில் பொய்த் துடிப்பைத் திருப்பி அனுப்பும். பழைய லேசர் கன்களில் இது அளவீட்டைக் குழப்பும் என்பது உண்மை. ஆனால் புதிய கன்கள் துடிப்பின் இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்புகின்றன. ஜாமர் இருந்தால் திரையில் பிழைக் குறியீடே வரும். அரை கிலோமீட்டரிலிருந்து நெருங்கும்வரை வேகம் காட்டாத கார் என்றால் அனுபவமுள்ள காவலருக்குப் புரியாதா? அந்தக் காரைத்தான் முதலில் ஓரம் கட்டுவார். பொது ஊழியரின் பணிக்கு இடையூறு செய்ததாக வழக்கு போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஹெட்லைட்டிலும் பம்பரிலும் பூசும் ‘லேசர் உறிஞ்சி’ திரவமும் உண்டு. ஹெட்லைட் திருப்பி அனுப்பும் ஒளி இதனால் கொஞ்சம் குறையும். நம்பர் பிளேட்டின் மேல் பூச முடியாது என்பதால் பிரயோஜனம் இல்லை. ராத்திரி வெளிச்சம் மங்குவதுதான் மிச்சம்.

இவ்வளவும் கன் பிடித்து நிற்கும் காவலரைப் பற்றி. சாலைக்குமேல் நிரந்தரமாக நிற்கும் கேமராவுக்கு முன்னால் டிடெக்டரின் உதவி இதைவிடவும் குறைவு. அதிலும் இரண்டு கேமராக்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை வந்துவிட்டால் பிரேக் போடும் தந்திரமே செத்துவிடும். 10 கிலோமீட்டர் தூரத்தை 100 வேகத்தில் கடக்க 6 நிமிடம். வரம்பு 80 என்றால் 7 நிமிடம் 30 விநாடிக்கு முன்னால் இரண்டாவது கேமராவைத் தொட்ட எல்லா வண்டிகளும் பட்டியலில் இருக்கும். இதில் ரேடியோ அலையும் இல்லை, லேசரும் இல்லை. நேரத்தையும் நம்பர் பிளேட்டையும் மட்டுமே அது பார்க்கிறது. டிடெக்டர் உணர்வதற்கு அங்கே எதுவுமே கிடையாது.

இனி, காசு போட்டால் பலன் தரும் பொருள்கள்.

முதலாவது காசே இல்லாதது. கூகுள் மேப்ஸில் செட்டிங்ஸுக்குள் போய், நேவிகேஷன் பகுதியில் ஸ்பீடோமீட்டரையும் வேக வரம்பையும் ஆன் செய்யுங்கள். வழிகாட்டல் ஓடும்போது திரையின் மூலையில் உங்கள் வேகம் தெரியும். வரம்பைத் தாண்டினால் நிறம் மாறும். தெரிந்த கேமரா இடங்களையும் காட்டும். குறைகளும் உண்டு. ஜிபிஎஸ் வேகம் விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும் என்பதால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரத்தில் ஒரு விநாடி பின்தங்கியே காட்டும். மேம்பாலத்துக்கு அடியிலும் சுரங்கப்பாதையிலும் நம்ப முடியாது. வேக வரம்புத் தகவல் எல்லாச் சாலைக்கும் இல்லை. இருக்கும் இடத்திலும் ஓரத்துப் பலகையில் எழுதியிருப்பதே கணக்கு. போனை ஏசி வென்ட்டில் மாட்டும் கிளிப்பில் வையுங்கள். மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் அதுவே தனிக் குற்றம்.

இரண்டாவது, ஹெச்யூடி எனப்படும் வேகம் காட்டும் திரை. கண்ணாடியில் எண்ணைப் பிரதிபலிக்கும் சிறு கருவி. காரின் கணினித் தகவலைப் படிக்கும் சாக்கெட்டான ஓபிடி போர்ட்டில் சொருகுவது ஒரு வகை, ஜிபிஎஸ்ஸில் இயங்குவது இன்னொரு வகை. இரண்டும் சுமார் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஓபிடி வகை உடனுக்குடன் காட்டும். ஆனால் சில மாடல்கள் கார் நின்ற பிறகும் உறங்காமல் பேட்டரியைக் குடிக்கும். பத்து நாள் ஊருக்குப் போனால் பிடுங்கி வைத்துவிட்டுப் போகவேண்டும். ஜிபிஎஸ் வகையில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி இரண்டு அடுக்கு என்பதால் எண் இரட்டையாகத் தெரியும். பெட்டியில் வரும் ஒளிபுகும் தாளை ஒட்டினால் சரியாகும். காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்ட, சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துவிட வேண்டும். வரம்பு எச்சரிக்கையை முதல் நாளே செட் செய்யுங்கள். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலேயே வேகம் தெரிகிறது என்பதால், இந்தப் பட்டியலில் நாங்கள் மனதாரப் பரிந்துரைக்கும் ஒரே விற்பனைப் பொருள் இது.

மூன்றாவது, வாங்காமலே காரில் இருப்பது. 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் பீப் அடிக்கும். தொல்லை என்று அதை ஊமையாக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். டிடெக்டரின் அலறலைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவர், தன் காரே இலவசமாகத் தரும் உண்மையான எச்சரிக்கையை அணைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சலானை இழுத்துவரும் ஆக்சஸரி ஒன்றும் உண்டு: பெரிய டயர். ஸ்பீடோமீட்டர் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுகிறது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர். அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் 647.5. ஒவ்வொரு சுற்றுக்கும் 4.2 சதவீதம் அதிக தூரம் போகிறீர்கள், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. கம்பெனியிலிருந்து வரும் மீட்டர் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். நிஜத்தில் 96 போகும்போது 100 என்று காட்டிய கார், டயர் மாற்றியபின் நிஜத்திலேயே 100 போகும். கைவசம் இருந்த சின்ன இடைவெளி போய்விட்டது. டயர் மாற்றிய அன்றே ஒரு நேரான சாலையில், வரம்புக்குள், 60-இல் நிலையாக ஓட்டி ஜிபிஎஸ் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச் சுவரைச் சின்னதாக்கி, மொத்த விட்டத்தைப் பழைய அளவுக்கு அருகில் வைக்க வேண்டும். நல்ல டயர் கடைக்காரர் கேட்காமலே இதைச் சொல்வார்.

வரம்பு எவ்வளவு என்று தெரியாமலே பலர் மாட்டுகிறார்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்தபடி கார்களுக்கு 60, கனரக வண்டிக்கும் இரு சக்கர வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. நெடுஞ்சாலையில் 80-இல் வந்து பழகிய கால், ஊருக்குள் நுழைந்ததும் 60-ஐ மெதுவாக உணரும். பெரும்பாலான சலான்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்பது எங்கள் கணிப்பு.

எண்கள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நல்ல டயர், காய்ந்த சாலை, சுதாரிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-இல் வரும் கார் ஆடு குறுக்கே வந்ததைப் பார்த்து சுமார் 69 மீட்டரில் நின்றுவிடும். 100-இல் வரும் கார் அதே 69-ஆவது மீட்டரைக் கடக்கும்போது இன்னும் மணிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆடு இருந்த இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால்? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் வருவதாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. ஸ்ப்ரே விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

சலான் வந்தே விட்டால், தவறாக வந்தது என்று நினைத்தால், ஆக்சஸரிக்குச் செலவழிக்கும் நேரத்தைச் சலானைப் படிப்பதற்குச் செலவழியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவின்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுபடியும் மாட்டினால் லைசென்ஸ் போகலாம். கருவியின் துணை இல்லாமல், ‘வேகமாக வந்ததாகத் தோன்றியது’ என்ற ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு இருப்பதை முன்கூட்டியே சொல்லும் பலகை வைத்திருக்க வேண்டும். நோட்டீஸில் வண்டி எண் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணில் 8-ம் 3-ம், ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும் குழம்பியிருக்கலாம். கார் மாடலும் நிறமும் உங்களுடையதா என்று பாருங்கள். பக்கத்து லேனில் இன்னொரு வண்டி இருந்தால் அளந்த வண்டியைக் குறிக்கும் கட்டம் எந்த வண்டியின் மேல் விழுந்திருக்கிறது என்று கவனியுங்கள். ‘கோணம் தப்பு, அதனால் வேகம் கூடிவிட்டது’ என்ற வாதம் மட்டும் எடுபடாது: ஓரமாக நின்று சாய்வாக அளக்கும் கன் நிஜ வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். 10 டிகிரி சாய்வில் 100 என்பது 98.5 ஆகத் தெரியும், 20 டிகிரியில் 94. எண்ணோ வண்டியோ மாறியிருந்தால் ஆர்சி நகலையும் காரின் முன்பக்கப் படத்தையும் சேர்த்து, இ-சலான் இணையதளத்தில் உள்ள குறைதீர்ப்புப் பகுதியில் பதிவு செய்துவிட்டு, பதிவு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.